பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டை ராக் இசைக்குக் கொண்டுவருவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

2006 ஏப்ரலில் புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் வெளியிட்ட ஆல்பத்தில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. 'வீ ஷல் ஓவர்கம்: த சீகர் செஷன்ஸ்' என்று பெயர். கால்வாய்ப் படகுக்காரர்கள், துறைமுகக் கூலிகள், அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள், புழுதிப் புயலில் நிலத்தை இழந்த விவசாயிகள் என்று யார் யாரோ பாடிப் பாடிக் கைமாறி வந்த 13 பாட்டுகள். எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்து ஸ்டேடியங்களை நிரப்பிய மனிதர், பேஞ்சோ, ஃபிடில், அக்கார்டியன், ட்யூபா வாசிப்பவர்களை வீட்டுக்கு வரவழைத்துப் பாடினார். அடுத்த வருடம் அதற்கு, சிறந்த பாரம்பரிய நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அவர் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. பிரிட்டிஷ் ராக் குழுவான அனிமல்ஸ் 1964-ல் செய்தார்கள், அமெரிக்க ராக் குழு நிர்வாணா 1993-ல் செய்தது, ராக் பாடகர் நீல் யங் 2012-ல் ஒரு முழு ஆல்பமே போட்டார். இவர்கள் எல்லோருடைய வேலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். கிட்டாரில் நாலைந்து கார்டு தெரிந்தால் செய்து பார்க்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் பாட்டுகளை இன்னும் கவனமாகக் கேட்க உதவும்.

தொடங்கும் முன் ஒன்று. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து, டிரம்ஸைச் சேர்த்து, வேகத்தைக் கூட்டினால் பழைய பாட்டு ராக் ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்த பதிவுகள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டாம் முறை கேட்க முடியாது. நாட்டுப்புறப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. சுத்தியல் அடிக்கத் தாளம் கொடுப்பது, கூலி கேட்பது, செத்தவனுக்காக அழுவது, ஊர்வலத்தில் பயத்தைப் போக்குவது. அந்த வேலையை இன்று கேட்பவருக்கும் அந்தப் பாட்டு செய்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கேள்வியிலிருந்தே வருகின்றன.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்குப் பெரிய கதைப்பாட்டு வேண்டாம். இருபது சரணம் உள்ள கொலைக்கதையை எடுத்தால் பாதி வழியில் களைத்துவிடுவீர்கள். இரண்டு மூன்று கார்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி, கூட்டமாகப் பாட இடம் உள்ளதாக எடுங்கள்.

என் பரிந்துரை 'பே மீ மை மணி டவுன்'. இரண்டே கார்டு. ஜி-யில் தொடங்கினால் ஜி-யும் டி-யும் மட்டும்தான். ஜார்ஜியா மாநிலக் கடற்கரையை ஒட்டிய தீவுகளில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் பாடியது. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் பாய் விரித்துப் போய்விடுவானோ கேப்டன் என்ற பயத்தில், கையில் காசைக் கொடு, இல்லையென்றால் சிறைக்குப் போ என்று அடித்துச் சொல்கிற பாட்டு. அந்தத் தீவுகளின் பாட்டுகளை லிடியா பாரிஷ் சேகரித்து 1942-ல் புத்தகமாக்கினார். பிறகு வீவர்ஸ் குழு பாடியது, அதன் பின் பலர் பாடினார்கள், 2006-ல் ஸ்ப்ரிங்ஸ்டீனிடம் வந்து சேர்ந்தது. கூலி வராத கோபம் எந்த ஊரிலும் புரியும் என்பதால் பாட்டின் வேலை என்ன என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கும்போது இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாட்டில் எந்த வரி எனக்கு உறுத்துகிறது? அப்படி ஒரு வரியும் இல்லையென்றால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். மெட்டு நன்றாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

படி 2: பின்னோக்கிப் போங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும். அவசரப்பட வேண்டாம்.

1997-ல் பீட் சீகருக்கான மரியாதை ஆல்பம் ஒன்றில் பாட ஸ்ப்ரிங்ஸ்டீனைக் கேட்டார்கள். சீகரை அவருக்குப் பெரிதாகத் தெரியாது. கடைக்குப் போய்க் கை நிறைய சீகரின் இசைத்தட்டுகளை வாங்கி வந்து உட்கார்ந்து கேட்டார். ஒன்பது வருடம் கழித்து வந்த ஆல்பத்துக்கு விதை அதுதான். சீகர் 1919-ல் பிறந்தவர், வாழ்நாள் முழுக்கப் பாட்டுகளைக் கேட்டு, கற்று, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தவர். அந்த ஆல்பத்தின் பெயரில் சீகர் இருந்தாலும் உள்ளே இருப்பவை அவர் சொந்தமாக எழுதியவை அல்ல. அவர் பாடிப் பரப்பியவை. ஸ்ப்ரிங்ஸ்டீன் ஒரே ஆளின் வழியாக ஒரு பெரிய கிடங்குக்குள் நுழைந்தார். நீங்களும் அப்படி ஒரு வழிகாட்டியைப் பிடித்துக்கொள்வது நல்லது. சீகர், ஒடெட்டா, லெட் பெல்லி, எலிசபெத் காட்டன், யாராக இருந்தாலும் சரி.

அப்புறம் அவர்களையும் தாண்டிப் பின்னால் போங்கள். ஹாரி ஸ்மித் 1952-ல் தொகுத்த 'ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்' 84 பதிவுகள் கொண்டது. எல்லாம் 1920-களின் பின்பாதியிலும் 30-களின் தொடக்கத்திலும் வெளிவந்த இசைத்தட்டுகள். பாடகர் பாப் டிலன் தலைமுறைக்கே பாடப்புத்தகம் அதுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலன் லோமாக்ஸும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவை இருக்கின்றன. ஆலன் லோமாக்ஸின் பிற்காலப் பதிவுகளில் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். ஒரு பாட்டுக்கு எத்தனை வடிவங்கள் என்று தேட ரௌட் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண், அந்த எண்ணின் கீழ் எல்லா வடிவங்களும்.

இந்தத் தேடல் என்ன தரும் என்பதற்கு ஓர் உதாரணம். 'த ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' பாட்டை அனிமல்ஸ் குரலில்தான் நமக்குத் தெரியும். எரிக் பர்டன் என்ற இளைஞன் தன் அழிவைச் சொல்லிக் கதறுவான். ஆனால் 1937-ல் கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ என்ற சுரங்க ஊரில் ஆலன் லோமாக்ஸ் ஒலிவாங்கியை வைத்தபோது பாடியவர் ஜார்ஜியா டர்னர், 16 வயதுப் பெண். பாட்டில் கெட்டுப்போனதும் ஒரு பெண்தான். தங்கையிடம் சொல்லுங்கள், நான் செய்ததைச் செய்ய வேண்டாம் என்று ஒரு அக்கா சொல்கிற பாட்டு. அதற்கும் முன்பு 1933-ல் கிளாரன்ஸ் ஆஷ்லி, க்வென் ஃபாஸ்டர் இருவரும் ஆண் பார்வையில் பதிவு செய்திருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் கார்டுகளை மாற்றி இருட்டாக்கினார். அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்து டிலன் தன் முதல் ஆல்பத்தில் 1962-ல் போட்டார், அதுவும் பெண்ணின் குரலாகவே. இரண்டு வருடம் கழித்து அனிமல்ஸ் மறுபடி ஆணாக்கினார்கள். தாய் தையல்காரி என்பது அப்படியே நின்றது, டிலன் பாடிய சூதாடிக் காதலன் மட்டும் தகப்பனாக மாறினான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டை நீங்கள் பாடும் விதமே வேறாகிவிடும். யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அனிமல்ஸ் பதிவை மட்டும் கேட்டு அதையே நகலெடுப்பவருக்கு அந்தத் தேர்வே இல்லை.

ஆகவே, எடுத்த பாட்டின் ஐந்து வடிவங்களையாவது கேளுங்கள். ஒரு தாளில் குறியுங்கள்: யார் பாடியது, எந்த வருடம், எந்த ஊர், பாட்டில் பேசுவது யார், எந்தச் சரணம் எல்லாவற்றிலும் வருகிறது, எது ஒன்றில் மட்டும் வருகிறது. ஐந்திலும் மாறாமல் நிற்பதுதான் பாட்டின் உயிர். மற்றதெல்லாம் பாடியவர் சேர்த்தது. அதில் நீங்களும் கை வைக்கலாம்.

படி 3: கருவி இல்லாமல் பாடுங்கள்

கிட்டாரைக் கீழே வையுங்கள். பாட்டை வாயால் மட்டும் பாடுங்கள், நடந்துகொண்டே பாடுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தால் போதும். மூச்சு எங்கே முடிகிறது, உங்கள் குரலுக்கு எந்தச் சுருதி ஒத்துவருகிறது, எந்த வரியில் தன்னால் குரல் உயர்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். கிட்டாரோடு தொடங்கினால் கை பழகிய கார்டுகளுக்குப் பாட்டை வளைத்துவிடுவோம்.

படி 4: தாளமும் கார்டும்

இங்கேதான் ராக் உள்ளே வருகிறது. முதலில் பாட்டின் பழைய உடம்பசைவைக் கண்டுபிடியுங்கள். தண்டவாள வேலையாட்கள் பாடிய சுத்தியல் பாட்டுகளில் வரிக்கும் வரிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். சுத்தியல் விழுவது அங்கே. அந்த இடைவெளியை டிரம்ஸ் ரோலால் நிரப்பினால் பாட்டு செத்துப்போகும். அங்கே ஸ்நேர் ஒரே ஓர் அடி அடித்தால் அது சுத்தியலாகிவிடும்.

அனிமல்ஸ் செய்ததைக் கிட்டாரை எடுத்து வாசித்துப் பாருங்கள். சிக்ஸ் எய்ட் நடை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை. ஏ மைனர், சி, டி, எஃப், மறுபடி ஏ மைனர், சி, பிறகு ஈ. ஹில்டன் வாலன்டைன் கார்டை முழுசாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாக மேலே ஏறி இறங்கி வாசித்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அந்த உருட்டல் நிற்கவே நிற்காது, கேட்பவர் வெளியே வர முடியாத ஒரு சுழலுக்குள் போய்விடுகிறார். பாட்டில் பேசுகிறவன் நிலையும் அதுதானே? இதற்கு மேலே ஆலன் பிரைஸின் ஆர்கன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். 1964 மே மாதம் லண்டனில் ஒரே டேக்கில் எடுத்தார்கள். நாலு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டை அந்தக் காலத்தில் வானொலி போடாது என்றார்கள், ஆனாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

நிர்வாணா போன வழி வேறு. 'வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்' தெற்கு அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து வந்த பாட்டு. 'இன் த பைன்ஸ்' என்றும் சொல்வார்கள். பில் மன்றோ 1941-ல் அதை ஊளையிடும் காற்று போலப் பாடினார். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் பிடித்துக்கொண்டது லெட் பெல்லியின் வடிவத்தை. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில், எம்டிவி அன்ப்ளக்டு நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டாக அதைப் பாடினார். தாளத்தை மாற்றவில்லை, அதே மூன்று எண்ணிக்கை. கார்டையும் பெரிதாக மாற்றவில்லை. லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோ அடியில் இழைகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் தணிந்த குரலில் போய், கடைசிச் சரணத்தில் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக் கத்துகிறார். கடைசி இரண்டு சொற்களுக்கு முன்னால் நிறுத்தி, கண்ணைத் திறந்து மூச்சை இழுத்து, மீதியைப் பாடி முடிக்கிறார். ராக் மொத்தமும் அந்த ஒரு ஸ்தாயி ஏற்றத்தில் இருக்கிறது. ஆம்ப் சத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரே ஒரு பெரிய மாற்றம் செய்யுங்கள். நடையை மாற்றுங்கள், அல்லது கார்டை மேஜரிலிருந்து மைனருக்குக் கொண்டுபோங்கள், அல்லது குரலின் உயரத்தை மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்தால் பாட்டை யாருக்கும் அடையாளம் தெரியாது. 'பே மீ மை மணி டவுன்' பாட்டில் மெட்டையும் இரண்டு கார்டையும் தொடாமல் விடுங்கள். நடையை மட்டும் மாற்றிப் பாருங்கள். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறை. தெருவில் ஊர்வலம் போகிற வேகத்தில் ஒரு முறை. இரண்டிலும் கூலி கேட்கிறவர் வேறு வேறு ஆளாகத் தெரிவார். ஸ்ப்ரிங்ஸ்டீன் இரண்டாவது வழியில் போனார்.

படி 5: வரிகளில் கை வைப்பது

பலர் இங்கே பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருக்க வேண்டும்.

ஒரு வழி, ஒரே ஒரு பெயரை மாற்றுவது. 'மிஸஸ் மக்ராத்' அயர்லாந்துப் பாட்டு. நெப்போலியன் காலத்துப் போருக்குப் பிள்ளையை அனுப்பிய தாய், அவன் இரண்டு காலையும் இழந்து திரும்புவதைப் பார்க்கிறாள். எந்த ராஜாவும் அவன் கப்பற்படையும் வேண்டாம், என் பிள்ளை பழையபடி வந்தால் போதும் என்கிறாள். பழைய வடிவங்களில் அங்கே ஐரோப்பிய ராஜா ஒருவர் வருவார். ஸ்ப்ரிங்ஸ்டீன் அந்த இடத்தில் அமெரிக்காவின் ராஜா என்று பாடினார். 2006-ல் ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. பாட்டில் வேறெங்கும் ஈராக் என்ற பேச்சே இல்லை, தேவையும் இல்லை.

இன்னொரு வழி, புதுச் சரணம் எழுதிச் சேர்ப்பது. பிளைண்ட் ஆல்ஃபிரட் ரீட் 1929-ல், பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய நேரத்தில், ஏழை எப்படி இந்தக் காலத்தைத் தாங்கிப் பிழைப்பான் என்று கேட்கும் பாட்டைப் பதிவு செய்தார். ஸ்ப்ரிங்ஸ்டீன் அந்தக் கேள்வியையும் பழைய சரணத்தில் கொஞ்சத்தையும் வைத்துக்கொண்டு, கத்ரீனா புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸைப் பற்றிப் புதிய சரணங்கள் எழுதினார். புயல் அடித்தது 2005 ஆகஸ்டில். எட்டு மாதம் கழித்து அந்த ஊரிலேயே போய் அதைப் பாடினார். புதுச் சரணம் எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: பல்லவி பழையது, கேள்வி பழையது, விவரம் மட்டும் புதியது. விவரங்கள் தெருப்பெயர் அளவுக்குத் துல்லியமாக இருக்கின்றன. பொதுவாக 'மக்கள் துன்பப்படுகிறார்கள்' என்று எழுதியிருந்தால் ரீட்டின் வரிகளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் விழுந்திருக்கும்.

மூன்றாவது வழி, மறந்துபோன சரணத்தைத் திரும்பக் கொண்டுவருவது. இது நீல் யங் வழி. கிரேசி ஹார்ஸ் குழுவோடு அவர் போட்ட 'அமெரிக்கானா' ஆல்பத்தில் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் பாடும் பாட்டுகளே நிறைய. 'கிளமென்டைன்' நமக்கும் தெரிந்த மெட்டுதான். ஆனால் அதில் ஒரு பெண் தண்ணீரில் மூழ்கிச் சாகிறாள், பாடுகிறவன் நீச்சல் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு அவளுடைய தங்கையை முத்தமிட்டு மறந்தும் போகிறான். குழந்தைப் பாட்டின் இனிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தச் சாவைக் கரகரத்த கிட்டாரோடு முன்னால் வைத்தார் யங். 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டிலும் இதே கதை. வுடி கத்ரி 1940-ல் எழுதியதில் தனியார் சொத்து என்று எழுதிய பலகையைப் பற்றியும், நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நின்றவர்களைப் பற்றியும் சரணங்கள் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகங்களில் அவை வராது. 2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்பு, லிங்கன் நினைவிடத்தில் 89 வயது சீகரும் ஸ்ப்ரிங்ஸ்டீனும் அந்தச் சரணங்களையும் சேர்த்துப் பாடினார்கள். சீகர் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க, கூட்டம் பாடியது.

இனி, பாடவே கூடாத வரிகள். இதை மழுப்பக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பாட்டுகளில் கணிசமானவை, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைகளிலிருந்து வந்தவை. ஸ்டீபன் ஃபாஸ்டர் 1848-ல் வெளியிட்ட 'ஓ சூசன்னா' அப்படிப்பட்டது. அதன் மூல வடிவத்தில் கறுப்பின மக்கள் சாவதைச் சிரிப்பாகச் சொல்லும் சரணம் இருக்கிறது. ஸ்ப்ரிங்ஸ்டீன் ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஓல்டு டான் டக்கர்' 1843-ல் அச்சான அதே மேடைப் பாட்டுதான். அடுத்த வருடமே ஹட்சின்சன் குடும்பத்தினர் அதே மெட்டில் அடிமை ஒழிப்புக்காக வேறு பாட்டு எழுதிப் பாடினார்கள் என்பதும் உண்மை. ஒரு மெட்டு இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறது. நீங்கள் எடுக்கும் பாட்டின் பூர்விகம் இப்படி இருந்தால், அந்த வரிகளை நீக்குங்கள். மேடையில் அதைச் சொல்லவும் செய்யுங்கள். பேஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. அதைத் திரும்பவும் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்ட கரோலினா சாக்லெட் டிராப்ஸ் குழுவை இந்த இடத்தில் கட்டாயம் கேளுங்கள். வட கரோலினாவின் முதிய ஃபிடில் கலைஞர் ஜோ தாம்ப்சன் வீட்டுக்குப் போய் நேரில் கற்றுக்கொண்டவர்கள்.

படி 6: ஆட்களும் அறையும்

சீகர் செஷன்ஸ் எடுக்கப்பட்ட விதம் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நியூஜெர்சியில் ஸ்ப்ரிங்ஸ்டீனின் பண்ணை வீடு. 1997, 2005, 2006 என மூன்று வருடங்களில் மூன்று அமர்வுகள். ஒவ்வொன்றும் ஒரே நாள். வழக்கமான ஈ ஸ்ட்ரீட் குழுவை முழுதாகக் கூப்பிடவில்லை. ஃபிடில் வாசிக்கும் சூஸி டைரல் மூலமாக அறிமுகமான நியூயார்க் இசைக்காரர்கள்தான் மையம். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். பித்தளைக் கருவிக்காரர்களுக்கு நடைபாதைதான் இடம். டியூக் எலிங்டன் குழுவில் வாசித்த ஆர்ட் பேரன் ட்யூபா ஊதினார். ஒத்திகை கிடையாது. பாட்டைச் சொல்லி, சுருதியைச் சொல்லி, எண்ணித் தொடங்கிவிடுவது. ஸ்ப்ரிங்ஸ்டீன் குரல் கொடுத்து ஆட்களை உள்ளே இழுப்பதெல்லாம் பதிவில் அப்படியே இருக்கிறது.

ஏன் இது வேலை செய்தது? நாட்டுப்புறப் பாட்டு பலர் ஒரே இடத்தில் இருந்து பாடியது. ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுத்தான் அடுத்த அடி எடுப்பார். இப்போது நடப்பது போல டிரம்ஸை ஒரு நாள், பேஸை ஒரு நாள், குரலைத் தனியறையில் ஒரு நாள் எடுத்தால் அந்த ஒட்டுறவு போய்விடும்.

உங்களிடம் பண்ணை வீடு இருக்காது. பரவாயில்லை. ஒரு பெரிய அறை, நாலு பேர், இரண்டு மைக் போதும். வேகத்தைக் கட்டிப்போடும் 'டிக் டிக்' ஒலியான கிளிக் டிராக் போட வேண்டாம். பாட்டு உற்சாகத்தில் கொஞ்சம் வேகம் பிடித்தால் பிடிக்கட்டும். சத்தமான கருவியை மைக்கிலிருந்து தள்ளி உட்கார வைத்தே சமநிலை கொண்டுவாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தால் ஆம்ப்பைச் சின்னதாக வைத்து, பாடுகிறவர் குரல் மைக் இல்லாமலே கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். கூடப் பாடுகிறவர்களைப் பயிற்சி பெற்றவர்களாகத் தேட வேண்டியதில்லை. பல்லவி எல்லோரும் பாடுவதற்கென்றே இருக்கிறது. மூன்று டேக் எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் வாசிப்பில் ஜாக்கிரதை வந்துவிடும், பாட்டு போய்விடும்.

படி 7: பெயரும் உரிமையும்

நாட்டுப்புறப் பாட்டு என்றாலே யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சீகர் செஷன்ஸிலேயே பாருங்கள். 'எரி கேனல்' பழைய பாட்டு மாதிரித்தான் ஒலிக்கும், ஆனால் தாமஸ் ஆலன் என்பவர் 1905-ல் எழுதியது. கோவேறு கழுதைகள் இழுத்த படகுகளுக்கு எஞ்சின் வரப்போகும் காலம் அது. 'மை ஓக்லஹோமா ஹோம்' பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் கன்னிங்ஹம் குடும்பத்தில் உடன்பிறந்த இருவர். 'வீ ஷல் ஓவர்கம்' கதை இன்னும் நீளம். 1945-46-ல் சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் பாடியது, ஹைலாண்டர் பள்ளியில் ஜில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டது, அங்கிருந்து சீகரிடம் வந்தது, 1960-ல் கை கரவான் என்ற பாடகர் கறுப்பின உரிமைக்குப் போராடிய மாணவர் இயக்கத்துக்குக் கற்றுக்கொடுத்தது. இந்தியில் 'ஹோங்கே காம்யாப்' என்று நம் பள்ளிகளில் பாடுவதும் இதுதான். 1960-ல் பதிவான காப்புரிமையை எதிர்த்து வழக்கு நடந்து, 2018 ஜனவரியில்தான் பாட்டு பொதுச்சொத்தானது.

நடைமுறைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வெளியாகி 95 வருடம் முடிந்த பாட்டுகள் பொதுச்சொத்து. ஒலிப்பதிவுக்குத் தனிக் கணக்கு: 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 வருடம். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 வருடம், ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருடம். பழைய பதிவிலிருந்து துண்டு வெட்டிச் சேர்ப்பதும் பாட்டைப் புதிதாகப் பாடுவதும் சட்டப்படி வேறு வேறு.

சட்டம் கேட்காவிட்டாலும் பெயர் போடுங்கள். 'பாரம்பரியம்' என்று ஒரு சொல்லோடு முடிக்காமல், யார் பாடிக் கேட்டீர்கள், அவர் யாரிடம் கேட்டார் என்று எழுதுங்கள். குழுவுக்குள்ளும் ஏற்பாட்டில் யார் யாருக்குப் பங்கு என்பதை முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள். 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' பாட்டை வாசித்தது ஐந்து பேர். இசைத்தட்டில் ஏற்பாடு என்று அச்சானது ஆலன் பிரைஸ் பெயர் மட்டும். எல்லாப் பெயருக்கும் இடம் போதவில்லை என்று அப்போது சொன்னார்களாம். அந்தப் பிரபலமான கிட்டாரை வாசித்த வாலன்டைனுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

படி 8: ஆட்கள் முன்னால் பாடுங்கள்

2006 ஏப்ரல் 30 அன்று நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில் ஸ்ப்ரிங்ஸ்டீன் இந்தப் பெரிய குழுவோடு ஏறினார். கத்ரீனாவுக்குப் பிறகு நடந்த முதல் விழா. வீடிழந்தவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். 'ஓ மேரி டோன்ட் யூ வீப்', ரீட்டின் பாட்டு, அப்புறம் அந்த ஊரின் சொந்தப் பாட்டான 'வென் த செயின்ட்ஸ்'. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் துள்ளலாக வாசிப்பதுதான் வழக்கம். அவர் அதை வேகம் குறைத்து, அதிகம் பாடப்படாத சரணங்களோடு, ஒரு பிரார்த்தனையாகப் பாடினார். ஊரே துக்கத்தில் இருந்த நேரத்தில் அந்தப் பாட்டு செய்ய வேண்டிய வேலை அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் முதல் மேடை பத்துப் பேர் உள்ள மொட்டை மாடியாக இருக்கலாம். பாட்டு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பல்லவியைச் சீகர் செய்தது போல முதலில் சொல்லிக் கொடுங்கள். இரண்டாவது பல்லவியில் எத்தனை பேர் கூடப் பாடுகிறார்கள் என்று பாருங்கள். யாரும் பாடவில்லை என்றால் பெரும்பாலும் சுருதிதான் காரணம். உங்கள் குரல் ஜொலிக்கும் உயரத்தில் மற்றவர்களால் பாட முடியாது. சுருதியை உயர்த்தக் கிட்டார் கழுத்தில் மாட்டும் கேப்போவைக் கழற்றிவிட்டு, தேவையானால் இரண்டு சுரம் இறக்கி, அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள்.